மார்லின் 39ஏ: உறை சிக்கினால் எக்ஸ்ட்ராக்டர்தான் காரணமா?

மார்லின் 39ஏ என்ற லீவர் ரைபிளில் (லீவரை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) சுட்ட தோட்டாவின் உறை, குழலில் தோட்டா அமரும் அறையிலேயே நின்றுவிட்டால், அதை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது ஒரு காரணம்தான். ஒரே காரணம் அல்ல. இந்த ரைபிள் .22 ஷார்ட், லாங், லாங் ரைபிள் என்ற மூன்று வகைத் தோட்டாக்களையும் ஏற்கும். குட்டையான ஷார்ட்டை நிறையச் சுட்டால், அதன் உறை முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படியும். பிறகு போடும் நீளமான உறை அதில் இறுகிக்கொள்ளும். புதுக் கொக்கியும் அங்கே திணறும்.

சோதிப்பது எளிது. துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, வலப்பக்கத் திருகை ஒரு நாணயத்தால் கழற்றி இரண்டாகப் பிரியுங்கள் (இந்த வசதிக்காகவே எனக்கு 39ஏ பிடிக்கும்). அறையை வெண்கல பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். அப்புறமும் சிக்கினால் கொக்கியின் முனையை லென்ஸில் பாருங்கள். மழுங்கியிருந்தால் சரி, மாற்ற வேண்டியதுதான்.