ஆமாம், ஸ்டார் கட்டிவிட்டேன்

முந்தாநாள் முகநூலில் நான் போட்ட கிறிஸ்துமஸ் குடில் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம், கருத்து போட்ட அண்ணாவே அதை அழித்துவிட்டார். "எத்தனை பேர் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருக்கிறார்கள், உங்களுக்கு சீரியல் லைட் கேட்குதா?" இதுதான் சாரம்.

கேட்குது அண்ணா. போன மாதமே கேட்டது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஆசையாகக் காத்திருப்பதும் கஷ்டப்படுகிறவர்களை நினைப்பதும் ஒரே மனசுக்குள் இருக்கலாம். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும் என்பதற்கு மனசு என்ன பஸ் சீட்டா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் காத்திருக்கிற திருவருகைக் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் நீங்கள். அந்தக் காலத்துக்கு ஊதா, தவத்தின் நிறம். சரி. ஞாயிறுக்கு ஒன்றாக வளையத்தில் ஏற்றுகிற ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே மூன்றாவது ஞாயிறு மட்டும் ரோஸ் மெழுகுவர்த்தி எதற்கு? அந்த ஞாயிறுக்கு 'கௌதேத்தே' என்று பெயர். லத்தீனில் 'மகிழுங்கள்' என்று அர்த்தம். கொஞ்சம் வருத்தத்தோடு மகிழுங்கள் என்றுகூட அதில் இல்லை.

அந்த மெழுகுவர்த்தி வளையமே எங்கிருந்து வந்தது? ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய விஹெர்ன், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைச் செருகி வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்ன சிவப்பு. வசதியில்லாத பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விளக்கு எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. நல்லவேளை, அன்றைக்கு முகநூல் இல்லை.

"இதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட ஆசை" என்பார்கள். பாதி உண்மை. விடுங்கள்.

"படத்தைப் பார்க்கிற இல்லாதவர்கள் மனசு நோகாதா?" இதை மட்டும் என்னால் தட்டிவிட முடியவில்லை. நோகும். எனக்கே நொந்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு வேலை போன அந்த டிசம்பரில் நான் போனை எடுத்துப் பார்ப்பதையே விட்டிருந்தேன். பரணில் இருந்த குடில் பெட்டியை இறக்கவில்லை. ஆறு வயது மகள் எப்படியோ காதுடைந்த கழுதையை மட்டும் உருவி எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தை இல்லை, மாதா இல்லை, கழுதை மட்டும்.

அப்போதுதான் மேல்வீட்டு அக்கா வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிக்கிக் கிடந்த சீரியல் லைட் ஒயரை முக்கால் மணி நேரம் பிரித்தார். பாதிச் சரம் எரியவே இல்லை. "பாதி எரியுதே, போதும்" என்று சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அவர் வீட்டு ஸ்டாரை எனக்காக அணைத்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? இன்னும் கொஞ்சம் இருட்டு.

அடுத்த கேள்வியும் தெரியும். "சரி, நீ யாருக்கு என்ன செய்தாய்?" சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள், சொல்லாவிட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பீர்கள். எப்படியும் நான்தான் மாட்டுவேன்.

ஏரோது கொன்ற குழந்தைகளும் இதே கதையில்தான் வருகிறார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காததும் இதே கதையில்தான். குடில் வைக்கிற யாரும் அதை மறந்துவிட்டு வைப்பதில்லை. மாட்டுக் கொட்டகையைத்தானே அண்ணா வைக்கிறோம், அரண்மனையையா?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த டிசம்பரில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கேரல் பாட வந்த குழுவில் நீங்கள் இருந்தீர்கள். "அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்" என்று எங்கள் கதவைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனீர்கள். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று நானும் மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். காணிக்கை போட முடியாத வீடு என்று நினைத்தீர்களா, இல்லை நிஜமாகவே எங்களுக்காகத்தானா, இன்றுவரை தெரியாது. கேட்கவும் போவதில்லை.

படத்தை எடுக்க மாட்டேன். வரும் ஞாயிறு ரோஸ் மெழுகுவர்த்தி. மகள்தான் ஏற்றுவாள். கழுதையையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுவேன்.