மாத்திரையை நிறுத்தச் சொல்வது குழுவின் விதி அல்ல

“குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுவில் சேர்ந்தால் மனநல மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், மாத்திரையும் ஒரு போதைதான்” என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், இத்தகைய குழுக்களைக் கொண்ட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மருத்துவர்தான். மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் வைத்தியர் வேடம் போடக் கூடாது என்று அந்த அமைப்பே அச்சிட்டுச் சொல்கிறது. கூட்டத்தில் யாராவது ஒரு மூத்தவர் நிறுத்தச் சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து.

மருத்துவத்தைத் தள்ளிவைப்பது ஏன் ஆபத்து? தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள்ளேயே வலிப்பு வரலாம். அப்புறம் சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்வதுபோல் தெரியும் குழப்பநிலை வரலாம், உயிரே போகலாம். அப்போது தேவை மருத்துவமனை. மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்தினாலும் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், நோய் திரும்பலாம்.

சரி, குழு எதற்கு? கை நடுங்க நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் புதியவரிடம், “எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறாரே, அதற்கு! எந்த மருந்துச் சீட்டிலும் அது கிடைக்காது. குழுவுக்கும் போங்கள், மாத்திரையையும் தொடருங்கள். குறைப்பதா நிறுத்துவதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.