சாறிபாத் விதவை எண்ணெய் விற்றுக் கடன் அடைத்தாளா?

பைபிளில், பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த, சாறிபாத் என்ற ஊரின் விதவையின் வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் எண்ணெயால் நிரம்பின, அதை விற்று அவள் கடனை அடைத்தாள் என்று ஒரு பதிவு சொல்கிறது. பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தச் சிறு திருத்தம். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான், ஆனால் இரண்டு விதவைகளின் கதைகள் அதில் கலந்துவிட்டன.

கடன் அடைத்தவள் வேறொருத்தி. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த, இறந்துபோன ஒருவரின் மனைவி; எலியாவுக்குப் பின் வந்த எலிசா தீர்க்கதரிசியின் காலத்தவள். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்க வந்து நின்றான். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணெய் வார்த்தவள் இவள்தான்.

சாறிபாத்தில் எதுவும் நிரம்பி வழிந்ததாக இல்லை. விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். மழை பெய்யும் நாள்வரை அவை தீராது என்பதே கடவுளின் வாக்கு. அப்படியே தீரவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு கிடைத்தது, பஞ்சம் போகவில்லை. அப்புறம் அவள் மகன் நோயில் விழுந்ததும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. எனக்கென்னவோ, விற்க மிச்சமில்லாத அந்த மாவுப் பானைதான் இரண்டில் பெரிய அதிசயம்.

சரிபார்ப்பது எளிது. 1 இராஜாக்கள் 17:8-16, 2 இராஜாக்கள் 4:1-7 இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதல் பகுதியில் கடன் என்ற பேச்சே கிடையாது.