ஹாம்லெட் விளையாட்டில் அந்த மண்டை ஓடு எதற்கு?

ஷேக்ஸ்பியரின் துயர நாடகமான ஹாம்லெட்டைக் காமெடி ஆக்குவது கஷ்டமே இல்லை. ஆவிக்குச் சளி பிடித்த குரல் கொடுத்து, கிழட்டு அமைச்சர் பொலோனியஸுக்குத் தொப்பையைக் கட்டிவிட்டால் கைதட்டல் தானாக விழும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. "அடுத்து என்ன செய்யலாம்?" என்று ஆடுகிறவரிடமே கேட்க வேண்டும், அவர் எதைச் சொன்னாலும் கதை நகர வேண்டும், சிரிப்பு வர வேண்டும், அதற்குப் பிறகும் அது ஹாம்லெட்டாகவே இருக்க வேண்டும். 'டு பி ஆர் நாட் டு பி' என்ற விளையாட்டு இதைச் செய்து காட்டியது. எல்லாரும் அதன் குறும்பான எழுத்தைத்தான் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பாராட்டு போக வேண்டியது, தேர்வுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மண்டை ஓட்டுக்கு.

தெரியாதவர்களுக்கு: கனடாக்காரர் ரையன் நார்த் எழுதியது. 2003 முதல் இணையத்தில் டைனோசர் படக்கதை போட்டு வருபவர். அதில் ஒவ்வொரு முறையும் அதே ஆறு கட்டம், அதே படம், வசனம் மட்டும் மாறும். இதைப் புத்தகமாகக் கொண்டுவர 2012 கடைசியில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 20,000 டாலர் கேட்டார். 5,80,905 டாலர் வந்து குவிந்தது. 2013இல் புத்தகம் வந்தது. மெல்பர்னில் இருக்கும் டின் மேன் கேம்ஸ் நிறுவனம் அதை விளையாட்டாக்கி 2015 தொடக்கத்தில் கணினிக்கும் கைபேசிக்கும் வெளியிட்டது. இளவரசன் ஹாம்லெட், அவன் காதலி ஓஃபீலியா, செத்துப்போகப் போகும் அவன் அப்பாவான பெரிய ராஜா ஆகிய மூவரில் ஒருவராக ஆடலாம். ராஜாவைத் தேர்ந்தெடுத்தால் தோட்டத்தில் ஒரு தூக்கம், காதில் விஷம், ஆட்டம் தொடங்கிய வேகத்தில் ஆள் காலி. மீதியை ஆவியாகத்தான் ஆட வேண்டும். ஓஃபீலியா இதில் விஞ்ஞானி, வெப்பமானியைக் கண்டுபிடிக்கிறாள். முடிவுகள் நூற்றுக்கு மேல், பெரும்பாலும் சாவுதான், அவற்றுக்குப் படம் வரையவே பல ஓவியர்கள்.

இப்போது மண்டை ஓட்டுக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் எந்த வழியை எடுத்தாரோ, அந்தத் தேர்வின் பக்கத்தில், நாடகத்தில் வரும் செத்துப்போன அரண்மனைக் கோமாளி யோரிக்கின் மண்டை ஓடு இருக்கும். அதையே அழுத்திக்கொண்டு போனால் மூல நாடகம். அழுத்தாவிட்டால் உங்கள் பாடு. நாடகம் படித்திராதவருக்கு அது வழிகாட்டி, படித்தவருக்கு அது கிண்டல். மண்டை ஓடு இல்லாமல் இதே எழுத்தைக் கொடுத்திருந்தால், டென்மார்க்கில் நடக்கும் ஒரு கோமாளிக் கதையாகத்தான் மிஞ்சியிருக்கும். எதிலிருந்து விலகுகிறோம் என்று கண்முன் தெரிந்தால்தான் விலகலுக்குச் சிரிப்பு வரும். இன்னொன்று, மண்டை ஓட்டுப் பாதையில் போகிறவரை விடாமல் நக்கல் அடிக்கிறார் கதைசொல்லி. தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவின் கையாளாகவும் இருப்பான், ராஜாவின் காலையும் வாருவான் இல்லையா, அந்த வேலை.

ஒரே ஒரு இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. அண்ணனான ராஜாவைக் கொன்று அரியணை ஏறிய சித்தப்பன் கிளாடியஸ் மண்டியிட்டு ஜெபம் செய்கிறான். பின்னால் வாளோடு ஹாம்லெட். காவல் இல்லை, சாட்சி இல்லை. குற்றவாளி இவன்தான் என்பதும் நாடகத்துக்குள் நாடகம் போட்டு நிச்சயமாகிவிட்டது. ஆனால் ஹாம்லெட், ஜெபத்தின்போது கொன்றால் இவன் நேராகச் சொர்க்கம் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு வாளை உறையில் போடுகிறான். அவன் போன மறுநொடி கிளாடியஸ் எழுந்து, மனம் ஒட்டாத சொற்கள் மேலே போய்ச் சேராது என்று சொல்கிறான். அதாவது ஜெபமே பலிக்கவில்லை. வெட்டியிருக்கலாம்!

மேடையில் பார்க்கும்போது இந்த முரண் நெஞ்சை அடைக்கும். அதையே பொத்தானாக்கிப் பாருங்கள். ஒன்று 'வெட்டு', இன்னொன்று மண்டை ஓட்டோடு 'இப்போது வேண்டாம்'. மேடையில் திரை விழுவதற்குள் சாகிறவர்கள் எட்டுப் பேர்: பொலோனியஸ், அவர் மகள் ஓஃபீலியா, ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், ராணி ஜெர்ட்ரூட், பொலோனியஸின் மகன் லேயர்டிஸ், கிளாடியஸ், ஹாம்லெட். 'வெட்டு' என்பதை அழுத்தினால் கிளாடியஸோடு கணக்கு முடிகிறது, மற்ற ஏழு பேரும் பிழைத்துவிடுகிறார்கள். நாடகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையற்றுப் போகிறது. ஐந்து அங்கத் துயரத்துக்கும் ஒரு கொலைச் செய்திக்கும் நடுவே நிற்பது ஒற்றைத் தயக்கம் என்பதை எந்த ஆய்வுரையும் இவ்வளவு சீக்கிரம் புரிய வைக்காது. அது சிரிப்பாகவும் இருக்கிறது, வசனம் எதுவும் எழுதாமலே.

இதைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு நாடகத்தை இப்படிச் செய்யலாமே என்று, கிளைக்கதை எழுதும் மென்பொருளான டுவைனைத் திறக்கிறவர்கள் முதலில் அடிபடுவது கணக்கில்தான். ஹாம்லெட்டில் முக்கியமான திருப்பங்கள் எட்டு என்று வையுங்கள்: ஆவியை நம்புவதா, பைத்திய வேடம் போடுவதா, நாடகம் நடத்துவதா, ஜெபத்தில் வெட்டுவதா, பொலோனியஸ் ஒளிந்திருக்கும் திரைச்சீலையைக் குத்துவதா, கப்பலில் கடிதத்தைப் பிரிப்பதா, கொள்ளையரோடு போவதா, வாள் போட்டிக்குச் சம்மதிப்பதா. ஒவ்வொன்றிலும் மூன்று வழி. எதையும் ஒன்று சேர்க்காமல் விட்டால் கடைசியில் 6,561 முடிவு, மொத்தம் 9,841 பகுதி. பகுதிக்கு 120 சொல் என்றாலும் கிட்டத்தட்ட 11.8 லட்சம் சொற்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டே சுமார் 30,000 சொல்தான். ஆளை விடுங்கள்.

பயந்துபோய் எல்லாக் கிளையையும் உடனே அடுத்த திருப்பத்தில் கொண்டுவந்து சேர்த்தால் 25 பகுதியில் வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது முறை ஆடும்போதே குட்டு வெளிப்படும், எதை அழுத்தினாலும் அதே கப்பல், அதே கடல். நடைமுறையில் எடுபடுவது கலவைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வழி சாவில் முடியட்டும், ஒரு வழி மூலத்தோடு போகட்டும், மூன்றாவது வழி மூன்று நான்கு பகுதி கண்டபடி சுற்றிவிட்டு ஒன்று திரும்பி வந்து சேரட்டும், இல்லையென்றால் சொந்தமாக ஒரு முடிவில் போய் விழட்டும். சாவு முடிவுகளை மட்டமாக நினைக்காதீர்கள், கிளையை மலிவாக வெட்டிவிடும் கத்தி அதுதான். துயர நாடகம் இந்த வடிவத்துக்கு இவ்வளவு வாகாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கே திரும்பினாலும் சாகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கிளைகளைத் திரும்பச் சேர்க்கும் இடத்தைக் கண்டபடி தேர்ந்தெடுத்தால்தான் ஓட்டை விழும். கிளைகள் வந்து கூடும் அந்தக் குறுகலான இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொண்டால், ஹாம்லெட்டில் நல்ல கழுத்து கப்பல் பயணம். பொலோனியஸைக் கொன்றதால்தான் ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே, கிழவர் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போதே, கிளாடியஸ் அந்த முடிவுக்கு வந்துவிடுகிறான். ஆகவே ஆடுகிறவர் திரைச்சீலையைக் குத்தினாலும் குத்தாவிட்டாலும் கப்பலில் ஏற்றலாம், பிசிறு தெரியாது. வாள் போட்டி அப்படியில்லை. பொலோனியஸ் சாகாவிட்டால் லேயர்டிஸ் பிரான்சிலிருந்து கொதித்துக்கொண்டு வர முகாந்திரமே இல்லை. ஓஃபீலியாவுக்குப் புத்தி பேதலிக்கவும் காரணம் இல்லை. இதைக் குறித்து வைக்காமல் கிளைகளைச் சேர்த்தால், உயிரோடு இருக்கும் அப்பாவுக்காக மகன் பழிவாங்கக் கத்துவான். வேண்டுமென்று செய்தால் அது நல்ல நகைச்சுவை, தெரியாமல் செய்தால் வெறும் பிழை. ஆடுகிறவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

வாள் போட்டிக் காட்சி இன்னும் சிக்கல். லேயர்டிஸின் வாள் முனையில் விஷம், கோப்பையில் விஷம், நடுவில் வாள்கள் கை மாறுகின்றன, குடிக்காதே என்று சொல்லியும் ராணி குடித்துவிடுகிறாள். குறைந்தது நான்கு விஷயத்தை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும்: விஷ வாள் யார் கையில், யாருக்குக் கீறல் விழுந்தது, கோப்பையை யார் தொட்டார், கிளாடியஸின் சூது வெளிப்பட்டதா. இவற்றை 'ஆம்', 'இல்லை' குறிகளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியின் முதல் வரியில் மட்டும் அதற்கேற்ற வாக்கியம் மாறினால் போதும். முழுப் பகுதியையும் பதினாறு விதமாக எழுத உட்கார்ந்தால் மூன்றாவது நாளே வெறுத்துவிடும்.

ரையன் நார்த் செய்த கெட்டிக்காரத்தனமான காரியம் ஒன்று உண்டு. மூல நாடகத்தில் கடற்கொள்ளையர் சண்டை மேடையில் வராது. ஹாம்லெட் எழுதிய கடிதத்தில் நாலு வரி, அவ்வளவுதான். கப்பல் சண்டை, எதிரிக் கப்பலில் தனி ஆளாகத் தாவுவது என்று இருக்கிற ஒரே அதிரடியை ஷேக்ஸ்பியர் தபாலில் அனுப்பிவிட்டார்! விளையாட்டு அந்த இடத்தை விரித்து, கையில் வாளைக் கொடுத்துவிடுகிறது. நாடகத்துக்குள் நாடகம் வரும் இடத்தில், புத்தகத்துக்குள் இன்னொரு வழிதேர் புத்தகம் வருகிறது. மூலத்தில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே போய்க் கடையைப் போட வேண்டும், நிறைந்த இடத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. தழுவல் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

குறை இல்லையா? இருக்கிறது. கதைசொல்லியான அந்தக் கட்டியங்காரன் வாயை மூடுவதே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஆடினால் எல்லா வாக்கியமும் ஒரே தாளத்தில் துள்ளுவது அலுத்துப்போகும். கூத்தில் கட்டியங்காரன் நகர்ந்துகொள்ளும் நேரம் என்று ஒன்று உண்டு, அப்போதுதான் ராஜா அழ முடியும். இங்கே யாருக்கும் அழ நேரமில்லை. ஓஃபீலியாவைக் கெட்டிக்காரி ஆக்கியது சரி, ஆனால் மூலத்தில் அவள் பூக்களைப் பங்கு போடும் காட்சியின் கனத்துக்கு ஈடாக இதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, இந்த வகை விளையாட்டுகளுக்கே உள்ள வியாதி: செத்துத் திரும்பி வந்தால் ஏற்கெனவே படித்த பத்திகளை மறுபடி தாண்ட வேண்டும். ஒரு ஜோக்கை நாலாவது முறை படிக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. எழுதுகிறவர் கழுத்துப் பகுதிகளில் ஜோக்கைக் குறைத்து, சாவு முடிவுகளில் கொட்டுவதே நல்லது. சாவை ஒரு முறைதான் படிப்பார்கள்.

அழ வேண்டும் என்கிறவர்களுக்கு 2019இல் வந்த 'எல்சினோர்' இருக்கிறது. அதில் ஓஃபீலியா ஒரு காலச் சுழலில் மாட்டிக்கொள்கிறாள், அதே நாட்கள் திரும்பத் திரும்ப வரும். அவளால் யாரையும் வெட்ட முடியாது. கேட்ட செய்தியை யாரிடம் போட்டுக்கொடுப்பது என்பதுதான் அவள் ஆயுதம். ஒருவரைக் காப்பாற்றினால் இன்னொருவர் போவார். அதுவும் தேர்வு விளையாட்டுதான், ஆனால் சிரிப்புக்கு இடமில்லை.

தமிழில் யாராவது முயன்றால் ஒரு வசதியும் ஒரு வம்பும் காத்திருக்கின்றன. வசதி: 'நீ வந்தாய்' என்பதில் ஆண், பெண் தெரியாது. ஹாம்லெட்டும் ஓஃபீலியாவும் ஒரே பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம், வினையைத் தொட வேண்டாம். வம்பு: ராஜாவை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா? இன்றைய ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. முதல் பகுதியில் 'மாட்சிமை பொருந்திய தாங்கள்' என்று தொடங்கி, காதில் விஷம் விழுந்ததும் 'செத்துட்டியேப்பா' என்று இறங்கினால், அந்த ஒரு சறுக்கலிலேயே பாதி நகைச்சுவை கிடைத்துவிடும்.

புனிதம் கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டேனிய வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமட்டிகஸ் எழுதிவைத்த பழைய கதையில் ஆம்லெத் சித்தப்பனைக் கொன்றுவிட்டு உயிரோடு இருந்து அரசனும் ஆகிறான். பிரெஞ்சு மேடைக்கு 1769இல் துசிஸ் எழுதிய வடிவத்தில் ஹாம்லெட் சாகவில்லை. 1868இல் பாரிஸில் அரங்கேறிய ஆம்ப்ருவாஸ் தொமாவின் இசைநாடகத்திலும் ஹாம்லெட் பிழைத்து அரசனாகிறான். ஒரு பழைய ஜெர்மன் வடிவத்தில், இரு பக்கமும் நின்று சுட வரும் இரண்டு கொலையாளிகளுக்கு நடுவே ஹாம்லெட் படக்கென்று குனிய, அவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு விழுகிறார்கள். நம்மூரில் பம்மல் சம்பந்த முதலியார் அவனை 'அமலாதித்யன்' ஆக்கினார். இவர்கள் யாரும் மண்டை ஓடு போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக ஆடுகிறவர்கள் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஓஃபீலியா, எந்த மண்டை ஓட்டையும் தொடாமல். அடுத்து ராஜா. ஹாம்லெட்டைக் கடைசிக்கு வையுங்கள், அப்போது மண்டை ஓட்டைத் தவிர வேறு எதையும் அழுத்த வேண்டாம். ஜெபக் காட்சி வரும்போது 'வெட்டு' என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கும், விரல் அங்கேதான் போகும்.