செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு, டிசைனுக்குப் பில்லில் ஒரு வரிகூடக் கிடையாது

போன மாதம் ஒரு அக்கா எங்கள் பட்டறைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு நெக்லஸ் வேண்டுமாம். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இது என்னோட டிசைனுங்ண்ணா, வேற யாருக்கும் செஞ்சு குடுத்துராதீங்க" என்றார். அப்பா "சரிங்கம்மா" என்றார். படத்தின் மூலையில் ஜெய்ப்பூர்க் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. அந்த அக்கா அதைக் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை.

கோவையில் இரண்டு தலைமுறையாக எங்களுக்கு நகை வேலைதான். அப்பா கைவேலைக்காரர், நான் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவள். ஆர்டர் கொடுத்துச் செய்த நகையின் டிசைன் யாருக்குச் சொந்தம் என்று பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் சோறு ஆறிவிடும். நான் சொல்வது இதுதான்: நகை உங்களுடையது. டிசைன் அதை யோசித்தவருடையது. அதுவும் வேண்டுமென்றால் தனியாக விலை பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

"அதான் செய்கூலி குடுக்கறோமே" என்பார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள். தங்கத்தின் விலை, சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி. செய்கூலி எடைக்கு இவ்வளவு என்று போடுவது. பதினைந்து தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒரு அட்டிகை வரைந்தாலும், பழைய அச்சிலேயே அடித்துக் கொடுத்தாலும் கணக்கு கிராமுக்குத்தான். அந்தப் பதினைந்து தாளுக்குப் பில்லில் இடமே இல்லை.

சில வருடங்களுக்கு முன் அப்பா கெம்புக்கல் வைத்து ஒரு அன்னப்பட்சிப் பதக்கம் செய்தார். ஒரு கடைக்காரர் "மாடல் காட்டிட்டுத் தர்றேன்" என்று வாங்கிப்போய் நான்கு நாளில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். ஆர்டர் வரவில்லை. தீபாவளிக்கு என் அத்தை, நகைச்சீட்டு முடிந்ததென்று, அதே கடையில் அதே பதக்கத்தை வாங்கி வந்து அப்பாவிடமே காட்டினார்!

நான்கு நாள் எதற்கு என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அசல் நகையை ரப்பர் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினால் மோல்டு ரெடி. பிளேடால் பிளந்து நகையை எடுத்துவிட்டு, உள்ளே மெழுகை ஏற்றி மெழுகு நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகை என்று எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனால் மெழுகும் ஆறும்போது சுருங்கும், தங்கமும் சுருங்கும். அப்பா இரண்டு பதக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அத்தையுடையது மயிரிழை சின்னது. அன்னத்தின் கழுத்துக்குப் பின்னால் அப்பாவின் அரம் இழுத்த கோடு அதிலும் அப்படியே இருந்தது. அத்தைக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, நகை நன்றாகத்தான் இருந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. டிசைன் சட்டம், 2000. பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு. தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1000 ரூபாய்தான். ஆனால் ஊருக்குக் காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நகையைக் காட்டாமல் ஆர்டர் பிடிக்கும் பட்டறை எது? இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு வரைந்த டிசைனுக்கு, வரையச் சொன்னவரையே உரிமையாளராக இந்தச் சட்டம் வைக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (காப்பிரைட்), நான் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாளாக வரைந்து கொடுத்தால் அந்த வரைபடத்துக்குப் பொதுவாக நான்தான் முதல் உரிமையாளர். ஆனால் அந்த டிசைனைப் பதியாமல், என் சம்மதத்தோடு தொழில்முறை உற்பத்தியாக 50 தடவைக்கு மேல் நகையாகச் செய்துவிட்டால் அந்த உரிமையும் போச்சு. அப்பா கேட்டுவிட்டு, "ரெண்டு சட்டமும் பேசி முடிக்கட்டும், நான் கல்லு பதிக்கிறேன்" என்றார்.

அதற்காக எல்லாம் எங்களுடையது என்று சொல்லவில்லை. ஜிமிக்கியும் காசு மாலையும் மாங்காய் மாலையும் யாருடையது? நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது பெயரைக் காக்குமே தவிர, வடிவத்தை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்காது. அப்பாவின் அன்னமும் கோயில் தூணிலிருந்து இறங்கி வந்ததுதான். ஆனால் அந்தக் கழுத்தின் வளைவு தூணில் இல்லை.

வாடிக்கையாளர் பக்கம் நியாயம் இருக்கிற இடமும் உண்டு. ஒரு பாட்டி, இறந்துபோன கணவரின் கையெழுத்தை லாக்கெட்டாகச் செய்யச் சொன்னார். கொடுத்த அன்றைக்கே அப்பா ரப்பர் மோல்டை அவர் கண் முன்னால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். அதைப் போய் யாருக்கு விற்பது?

இப்போது மோல்டு கூட வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு டிசைன் ஃபைல் போதும். அதனால் இந்த வருடத்திலிருந்து ஆர்டர் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மோல்டும் ஃபைலும் பட்டறைக்கே. வாடிக்கையாளருக்கு மட்டும் என்றால் தனித் தொகை.

அந்த நெக்லஸ் அக்காவிடமும் சீட்டைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "மோல்டெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க கண்ணு, செய்கூலில ரெண்டு பர்சன்ட் குறைச்சுப் போடுங்க" என்றார்.