சைக்கிளைப் பற்றி ஒரு ஸ்பேஸ் ராக் பாட்டு

‘ஸ்பேஸ் ஆடிட்டி’ ஸ்பேஸ் ராக் கிடையாது. எல்டன் ஜானின் ‘ராக்கெட் மேன்’ கிடையவே கிடையாது. திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

விண்வெளியில் பறக்கும் உணர்வைத் தரும் ராக் இசையைத்தான் ஸ்பேஸ் ராக் என்கிறார்கள். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும் பிளேலிஸ்ட்டுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பாட்டின் பெயரில் நிலாவோ நட்சத்திரமோ ராக்கெட்டோ இருந்தால் போதும், தூக்கி உள்ளே போட்டுவிடுகிறார்கள். டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ 1969 ஜூலையில், அப்போலோ 11 நிலவில் இறங்குவதற்குச் சில நாட்கள் முன்னால் வந்தது. மேஜர் டாம் என்கிற விண்வெளி வீரர் பூமியோடு தொடர்பு அறுந்து மிதந்துகொண்டே இருக்கும் கதை. எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. ஆனால் அடிப்படையில் அது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லும் பாட்டு. 2013இல் கனடாவைச் சேர்ந்த விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே அதைப் பாடி வீடியோ வெளியிட்டார். விண்வெளிக்கே கொண்டுபோய்ப் பாடினாலும் அது ஸ்பேஸ் ராக் ஆகிவிடவில்லை.

குயீன் குழுவின் ‘39’ இன்னும் நல்ல உதாரணம். 1975இல் வந்த ‘எ நைட் அட் தி ஆப்பரா’ ஆல்பத்தில் இருக்கிறது. எழுதிப் பாடியவர் கிட்டாரிஸ்ட் பிரையன் மே. வானியற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு இசைக்கு வந்தவர், முனைவர் பட்டத்தை 2007இல் திரும்பப் போய் முடித்தார். அந்தப் பாட்டில் விண்வெளிக்குப் போனவர்களுக்கு ஒரு வருடம்தான் கழிந்திருக்கிறது. பூமிக்குத் திரும்பினால் நூறு வருடம் ஓடிவிட்டது, விட்டுப்போனவர்கள் யாரும் இல்லை. ஐன்ஸ்டைனின் சார்பியலை இவ்வளவு துக்கத்தோடு சொன்ன ராக் பாட்டு வேறு எனக்குத் தெரியாது. சத்தமோ, நாலு பேர் கூடி உட்கார்ந்து பாடும் நாட்டுப்பாட்டின் சத்தம். பொருள் முழுக்க விண்வெளி, இசையில் ஒரு துளிகூட இல்லை.

சரி, இப்போது மறுபக்கம். ஸ்பேஸ் ராக் பட்டியலில் யாருமே கைவைக்கத் துணியாத ஹிட் பாட்டு ஒன்று உண்டென்றால் அது ஹாக்விண்ட் குழுவின் ‘சில்வர் மெஷின்’. 1972இல் பிரிட்டன் தரவரிசையில் 3ஆம் இடம் வரை போனது. வரிகளை எழுதிய கவிஞர் ராபர்ட் கால்வர்ட் பிற்பாடு உடைத்துச் சொன்னார்: அது ஒரு சைக்கிளைப் பற்றிய பாட்டு! பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்ஃப்ரெட் ஜாரி, கால இயந்திரம் கட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதைப் படித்த கால்வர்ட்டுக்கு, இந்த மனிதர் வர்ணிப்பது சைக்கிளைத்தான் என்று பட்டிருக்கிறது. எல்லோரும் ராக்கெட்டை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நக்கலாக ஒரு வெள்ளி நிற சைக்கிளைப் பறக்கவிட்டுவிட்டார்.

இந்த வகையின் இன்னொரு ஆதார ஸ்தம்பம், பிங்க் ஃபிளாய்ட் 1967இல் வெளியிட்ட ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’. கிட்டத்தட்ட பத்து நிமிடம், ஒரு வார்த்தை கிடையாது. அதில் திரும்பத் திரும்ப வரும் முக்கிய கிட்டார்த் துணுக்கு (ரிஃப்) பிறந்த கதை தெரியுமா? குழுவின் மேனேஜர் பீட்டர் ஜென்னர், லவ் என்ற அமெரிக்கக் குழு பாடிய ஒரு காதல் பாட்டை நினைவிலிருந்து முனகிக் காட்டியிருக்கிறார். அவர் சரியாகப் பாடவில்லை. குழுவின் கிட்டாரிஸ்ட் சிட் பாரெட் பிடித்தது வேறொன்றாக வந்துவிட்டது. ஆக, ஒன்று சைக்கிள், மற்றொன்று சரியாக முனகத் தெரியாதவர் முனகிய காதல் பாட்டு. இரண்டுமே விண்வெளியிலிருந்து வரவில்லை. கேட்டால் இரண்டுமே நம்மைப் பூமியில் வைத்திருப்பதில்லை.

எனவே என் அளவுகோல் இது. பாட்டின் பெயர், வரிகள், அட்டைப்படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சத்தத்தில் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கீழே பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாப்பிடியாக அடித்துக்கொண்டே போக வேண்டும். மேலே, எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்றே சொல்லமுடியாத சத்தங்கள் கட்டில்லாமல் திரிய வேண்டும். கீழே இருப்பது மட்டும் என்றால் அது வெறும் ராக். மேலே இருப்பது மட்டும் என்றால் அது ஆம்பியண்ட், தியானம், தூக்கம், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஓடும்போதுதான் கிளம்பிவிட்ட உணர்வு வருகிறது.

இதை நான் ஹாக்விண்டிடம்தான் கற்றுக்கொண்டேன். 1969இல் லண்டனின் லாட்புரோக் குரோவ் பகுதியில் கூடிய கும்பல் அது. தலைவர் டேவ் பிராக், தெருவில் கிட்டார் வாசித்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தவர். நிக் டர்னரும் டிக் மிக்கும் மேடைச் சாமான் தூக்கி வண்டி ஓட்ட வந்தவர்கள். டர்னரிடம் ஒரு சாக்ஸஃபோன் இருந்தது, அவரும் மேடையேறிவிட்டார். டிக் மிக்குக்கு எந்த வாத்தியமும் வராது. அவர் கையில் எடுத்தது ஆடியோ ஜெனரேட்டர், அதாவது மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கப் பயன்படும் பெட்டி. குமிழைத் திருகினால் கூஊஊ என்று ஏறும், இறங்கும். அதை எக்கோ கருவிக்குள் விட்டார், அவ்வளவுதான். கட்டை தெரியாது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தெரியாது. அதனாலேயே அந்தச் சத்தம் பாட்டின் சட்டத்துக்கு அடங்கவில்லை. பயிற்சி பெற்ற கீபோர்டு கலைஞர் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒழுங்காக மெலடி வாசித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

1971இல் லெம்மி வந்து சேர்ந்தார். அவர் கிட்டார்க்காரர், அதுவரை பாஸைத் தொட்டதில்லை. பாஸை ரிதம் கிட்டார் மாதிரியே இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அறைந்தார். அப்புறம் பாருங்கள், கீழ்த்தளமே மாறிவிட்டது. 1973இல் வந்த ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ இரட்டை எல்பியைக் கேட்டால் நான் சொல்வது புரியும். 1972 டிசம்பரில் லிவர்பூலிலும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் மேடையில் பதிவானது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடையாது. ஒன்று முடியும் இடத்தில் மின்னணு இரைச்சல், நடுவே கால்வர்ட் கவிதை வாசிப்பு, மறுபடி பாஸ் கிளம்பிவிடும். மேடையில் ஸ்டேசியா என்ற பெண்ணின் நடனம், பார்னி பபிள்ஸின் ஓவியங்கள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். அத்தனைக்கும் பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்த சைக்கிள் பாட்டுதான். 1975இல் கனடா எல்லையில் லெம்மி போதைப்பொருள் வழக்கில் மாட்ட, குழு அவரை வெளியேற்றியது. அவர் போய் மோட்டர்ஹெட் என்ற குழுவை ஆரம்பித்தார். அதைக் கேட்டுவிட்டுப் பழைய ஹாக்விண்டுக்குத் திரும்பினால், பாஸ் கிட்டத்தட்ட அதே பாஸ், மேலே இருந்த இரைச்சல் மட்டும் காணோம் என்பது தெரியும். அது போனதும் இசை பூமிக்கு வந்துவிட்டது. நல்ல இசைதான், ஆனால் அதற்கு ராக் அண்ட் ரோல் என்று பெயர்.

ஒரே கார்டில் ஏழெட்டு நிமிடம் நிற்பது அலுப்பில்லையா என்று கேட்பார்கள். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கேள்வியே வரக்கூடாது. தம்பூரா இரண்டரை மணி நேரம் ஒரே சுருதியில்தான் இருக்கிறது, யாரும் எழுந்து போவதில்லை. வித்தியாசம் என்னவென்றால், தம்பூரா நிற்கிறது. பாடகர் திரும்பிவர ஒரு வீடாக அது இருக்கிறது. லெம்மியின் பாஸ் நிற்காமல் ஓடுகிறது, திரும்பிவர வீடு கிடையாது. அந்த இசையில் கொஞ்சம் பயம் கலந்திருப்பதற்கு அதுதான் காரணம். பயம் இல்லாத ஸ்பேஸ் ராக்கை நான் நம்புவதில்லை.

பிங்க் ஃபிளாய்டுக்கு வருவோம். 1966 டிசம்பரில் லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் யுஎஃப்ஓ கிளப் தொடங்கியபோது அவர்கள்தான் அங்கே வீட்டுக் குழு மாதிரி. பாரெட் சிகரெட் லைட்டரைக் கம்பியின் மேல் உருட்டி வாசிப்பார். ஒலி போய்ச் சேர்வது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எக்கோ கருவிக்கு. மற்ற எக்கோ கருவிகளில் ஒலிநாடா ஓடும், இதில் காந்த உருளை சுழலும். நாடா போல அது தேய்வதில்லை, அதன் எக்கோவுக்கும் தனி நிறம் உண்டு. 1971இல் வந்த ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டில் இரண்டு பாஸ்களை இந்தக் கருவி வழியாக விட்டதால்தான் அந்தத் துடிப்பு கிடைத்தது. மேலே திரியும் சத்தத்தைச் செய்த கருவியையே கீழ்த்தள ஓட்டத்துக்கும் பயன்படுத்திவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்.

அதே ‘மெடில்’ ஆல்பத்தின் மறுபக்கம் முழுவதையும் பிடித்திருக்கும் ‘எக்கோஸ்’ 23 நிமிடம் ஓடும். முதலில் கேட்கும் அந்த ஒற்றை ‘பிங்’ ரிக் ரைட்டின் பியானோ, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வருகிறது. நடுவில் ஏதோ பறவையும் திமிங்கலமும் அலறுவது போன்ற சத்தம், கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர், கிட்டார் ஒலியை மாற்றும் வா-வா பெடலைத் தலைகீழாகச் செருகியதால் வந்தது. வரிகளில் கடல்தான் இருக்கிறது, ஆல்பட்ராஸ் பறவையும் பவளக் குகைகளும். அதனால் என்ன? கண்ணை மூடிக் கேட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அது கடல் இல்லை.

இதே ஃபிளாய்ட், 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி தொலைக்காட்சி ஸ்டூடியோவில் நேரடியாக வாசித்தார்கள். இதைவிட ஸ்பேஸ் ராக்குக்கு உகந்த தருணம் கிடைக்குமா? வாசித்தது என்னவோ நிதானமான பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்று கில்மோரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நல்ல மூட்டம் இருக்கிறது, ஆனால் எங்கும் போகவில்லை. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ பற்றி ஒரே வரி: அது பணம், காலம், மனப்பிறழ்வு பற்றிய அற்புதமான ஆல்பம், நிலவு அதில் வெறும் உருவகம்தான்.

ஜெர்மானியர்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். டேஞ்சரின் டிரீம் 1971இல் ‘ஆல்ஃபா சென்டாரி’ என்றே ஆல்பம் போட்டார்கள், 1974இல் ‘ஃபேட்ரா’. இவற்றில் இருக்கும் விண்வெளி ஹாக்விண்டிடம் இருப்பதைவிட ஆழம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்தவர்களின் இசை. கிளம்பும் உதறல் இல்லை. நொய் குழுவின் ‘ஹாலோகாலோ’தான் எனக்குச் சிக்கல். கிளாஸ் டிங்கரின் டிரம்ஸ் பத்து நிமிடம் மாறாமல் ஓடுகிறது, மிக்கேல் ரோத்தரின் கிட்டார்கள் மேலே மிதக்கின்றன. நான் சொன்ன இரண்டும் இருக்கிறதே! என்றாலும் கேட்கும்போது நெடுஞ்சாலைதான் வருகிறது, வானம் வருவதில்லை. இரைச்சலும் அழுக்கும் பயமும் இல்லாததாலோ என்னவோ. இந்த இடத்தில் என் அளவுகோல் கொஞ்சம் ஆடுகிறது, ஆடட்டும்.

எண்பதுகளில் இங்கிலாந்தின் ரக்பி ஊரிலிருந்து வந்த ஸ்பேஸ்மென் 3 குழுவை விட்டுவிட முடியாது. ஜேசன் பியர்ஸும் பீட் கெம்பரும் ஒரு கார்டு போதும், இரண்டாவது கார்டு ஆடம்பரம் என்கிற ரகம். 1988இல் லண்டன் பிரென்ட்ஃபோர்டில் ஒரு கலை மையத்தின் முன்கூடத்தில், சினிமாவுக்குக் காத்திருந்த கூட்டத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் கிட்டார்களை ரீங்கரிக்க விட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த தலைப்பு ‘சமகால சிதார் இசை மாலை’. சிதார் ஒன்றுகூடக் கிடையாது! நம் ஊர் இசையிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு நன்றிக்கடனா, கிண்டலா என்று தெரியவில்லை. டிரம்ஸ் இல்லாததால் என் கணக்கில் அந்த மாலை ஸ்பேஸ் ராக்கில் வராது. ஆனால் அவர்களுடைய ‘ரெவல்யூஷன்’ வரும், சந்தேகமே இல்லாமல் வரும்.

அமெரிக்காவில் இளைய தலைமுறை இப்போது ஸ்பேஸ் ராக் என்று சொல்வது பெரும்பாலும் தொண்ணூறுகளின் ஹம், ஃபெயிலியர் மாதிரியான குழுக்களை. ஹம்மின் ‘ஸ்டார்ஸ்’, ஃபெயிலியரின் 1996 ஆல்பம் ‘ஃபென்டாஸ்டிக் பிளானட்’ இரண்டும் என் ஃபோனில் எப்போதும் உண்டு. கனத்த கிட்டார்ச் சுவர், அதற்குப் பின்னால் பெரிய வெற்றிடம். பாதி மதிப்பெண் தருகிறேன். மிச்சப் பாதியைப் பிடித்துக்கொள்ளக் காரணம், அவை பாட்டுகளாகவே இருப்பதுதான். சரணம், கோரஸ், மறுபடி கோரஸ் என்று திரும்பித் திரும்பி வாசலுக்கே வந்துவிடுகின்றன.

மியூஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் கமெண்டில் வரிசைகட்டுவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்ட சூட்டோடு சூடாக, தயாரிப்பாளர் ஜோ மீக் லண்டன் ஹாலோவே சாலையில் தோல் சாமான் கடைக்கு மேலிருந்த தன் ஃபிளாட்டிலேயே டொர்னேடோஸ் குழுவை வைத்து ‘டெல்ஸ்டார்’ என்ற வாத்திய இசையைப் பதிவுசெய்தார். கிளாவியோலின் என்ற மின்னணுக் கீபோர்டு, ராக்கெட் கிளம்பும் இரைச்சல் எல்லாம் உண்டு. அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்த ஜார்ஜ் பெல்லமியின் மகன்தான் மியூஸின் மாட் பெல்லமி. மகன் 2006இல் செவ்வாயில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயரை வைத்து ‘நைட்ஸ் ஆஃப் சைடோனியா’ பாடினார். குதிரைப் பாய்ச்சல், லேசர் சத்தம், ஸ்டேடியமே சேர்ந்து கத்த ஒரு கோரஸ். அப்பாவின் பாட்டைக் கேட்டுவிட்டு உடனே மகனின் பாட்டைப் போட்டுப் பாருங்கள், 44 வருட இடைவெளியில் குடும்ப ஜாடை அப்படியே தெரியும். இரண்டுமே நல்ல பாட்டு. இரண்டுமே என் பட்டியலில் இல்லை.