கடல்நீர் வற்றினால் மட்டும் லித்தியம் வராது

பேட்டரிகளில் பயன்படும் லித்தியம் பற்றிய இந்தக் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் கடல்நீர் வற்றும்போது லித்தியம் நிறைந்த உப்புநீர் உண்டாகிறது என்ற அந்த ஒரு வரி சரியில்லை.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். சின்ன வயதில் லீவு விட்டால் மரக்காணம் உப்பளத்தில் மாமாவோடுதான் இருப்பேன். பாத்தியில் உப்பை வாரி வரப்பில் குவித்த பிறகு, அடியில் எண்ணெய் மாதிரி வழவழப்பாகக் கொஞ்சம் நீர் மிஞ்சும். நாக்கில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு. அது மெக்னீசியம். சோற்றுப்பு முதலில் படிந்துவிடும், எளிதில் படியாதவை நீரிலேயே தங்கும். லித்தியமும் அந்த ரகம்தான்.

சரி, அப்புறம் நம் பாத்தியில் ஏன் இல்லை? கடல்நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட லித்தியம் கிடையாது. பத்தில் ஒரு பங்காக வற்றினாலும் 2 மில்லிகிராமைத் தொடாது. சிலியின் அட்டகாமா உப்புப் படுகையிலோ லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல்! அந்த லித்தியம் ஆண்டிஸ் மலையின் எரிமலைப் பாறைகளிலிருந்து வந்தது. மழைநீரும் வெந்நீர் ஊற்றுகளும் பாறையிலிருந்து அதைக் கரைத்துப் பள்ளத்தில் சேர்க்கின்றன. அந்தப் பள்ளத்துக்குக் கடலுக்குப் போக வழியே கிடையாது, இதுதான் முக்கியம். நம் தென்பெண்ணை எதைக் கரைத்துக் கொண்டுவந்தாலும் கடலூரில் கடலில் சேர்த்துவிடுகிறது. அட்டகாமாவிலோ தண்ணீர் ஆவியாகத்தான் வெளியேற முடியும், மழையும் அபூர்வம். பல்லாயிரம் ஆண்டுகள் வற்றி வற்றிச் சேர்ந்த சரக்கு அது.

அந்த வரியை மட்டும் ஆசிரியர் மாற்றிவிட்டால், பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவேன்.